முதல் தரம்

லூப்லின் சாலையில் மழை.
வேர் கொள்முதல் கூடத்தில்
மின்மூக்குக்குப் பக்கத்தில் நான்.
அதற்குப் பத்து உணரிகள்.
எனக்குச் சளி.

ஸெனோன் க்ரூக் நான்கு மூட்டை வலேரியன் வேரை
வாசலில் இறக்கினார்.
ரப்பர் பூட்ஸைக் கழற்றினார்.
"தரை கழுவியிருக்கே" என்றார்.
நனைந்த காலுறைகளோடு
ஹீட்டர் ஓரமாகப் போய் நின்றார்.

சாம்பிளைக் கண்ணாடிக் குப்பியிலிட்டு
பத்து நிமிடம் வெதுவெதுப்பில் வைக்க வேண்டும்.
வேர் தன்னைப் பற்றிச் சொல்வதையெல்லாம்
அந்தச் சிறு காற்றில் சொல்லிவிடும்.
பிறகு ஊசி. பிறகு திரையில் ஒரு புள்ளி.
நல்லவை இடப்பக்கம் மேலே மொய்த்திருக்கும்,
பூஞ்சை கண்டவை கீழே,
தண்டும் மண்ணும் கலந்து எடை கூட்டியவை
எந்தக் கூட்டத்திலும் ஒட்டாமல்.

மூன்று மூட்டை மேலே போயின.
நான்காவது கீழே.
"அது வடக்குக் கொட்டகை. கூரை ஒழுகும்."
அதற்கு மேல் பேசவில்லை.
விலைச்சீட்டில் நான் அடிப்பதை
எதிரே நின்றபடி
தலைகீழாகவே படித்தார்.

அடுத்த குப்பிக்கு முன்
வெறும் காற்றை இழுத்துத் தன்னைக் கழுவிக்கொள்ளும் கருவி.
பூஜ்யத்துக்கு இறங்கவேண்டிய கோடு
இறங்க மறுத்தது.
குழாய் ஹீட்டர் பக்கமாக நழுவிக் கிடந்தது.
திரையில், இடப்பக்கம் மேலே,
கூட்டத்தின் நட்டநடுவே, கொழுத்த ஒரு புள்ளி:
வலேரியன். முதல் தரம். தொண்ணூற்றொரு விழுக்காடு.

குப்பியில் ஒன்றுமில்லை.
அவர் காலுறைகளிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.
காது சிவக்க அவரும் சிரித்தார்.
"கிலோ என்ன விலை போடுவீங்க?"

பிழை என்று பதிய வேண்டும்.
பிழையுமில்லை அது.
காயும் வேரில் ஊறும் அதே அமிலம்
பதினான்கு மணி நேரம்
பூட்ஸுக்குள் கிடந்த காலிலும் ஊறும்.

இந்த வேர் ஹாம்பர்க் போய் மாத்திரையாகும்.
யாரோ விழுங்கி விளக்கணைப்பார்கள்.
நீங்கள் குடிப்பதுண்டா என்று கேட்டேன்.
"அறுவடை மாசம் தூங்க நேரமில்ல,
மத்த மாசம் கடன் விடாது.
இதுல வேர் என்னத்தப் பண்ணும்?"

குறிப்புப் பத்தியில்
'சாம்பிள் இல்லை' என்று மட்டும் தட்டினேன்.
புள்ளியை அழிக்கவில்லை.

ஈர பூட்ஸுக்குள் மறுபடி காலை நுழைத்து
நான்காவது மூட்டையைத் தோளிலேற்றி
மழைக்குள் இறங்கிப் போனார்.
அவர் விட்டுச்சென்ற வாசனை
என் சளிக்கு எட்டவில்லை.
கோடு பூஜ்யத்துக்கு வர
இன்னும் ஏழு நிமிடம் ஆனது.