பெயர் வித்தியாசம்

ஹட்டனில் இரும்புக்கடைக்கு மேல்மாடி.
ஒரு மேசை, மை கக்கும் பிரிண்டர்,
கதவில் ஒரு தாள்: படிவங்கள் நிரப்பித் தரப்படும்.
பேராதனையில் நாலு வருடம் வரலாறு படித்தேன்.
பட்டம் அலுமாரிக்குள், பூச்சி உருண்டையோடு.

கூடப் படித்தவர்களில்
நிரோஷினி வங்கியில், அடகு நகையை உரசிப் பார்க்கிறாள்.
அஸ்மீர் மாத்தளையில் ஆசிரியன்;
வரலாற்றுக்கு ஏற்கெனவே ஆள் இருந்ததால்
கழுத்தில் விசிலோடு உடற்கல்வி எடுக்கிறான்.
கிருபைநாதன் கட்டாரில். அங்கே யாரும்
என்ன பாடம் என்று கேட்பதில்லையாம், நிம்மதி என்கிறான்.
திலினி மட்டும் சுவடிக்கூடத்தில்
செல்லரித்த தாளுக்குத் தாள் ஒட்டுகிறாள்.
அவளுக்குத்தான் படித்த வேலை என்று
அவளைத் தவிர எல்லோரும் சொல்கிறோம்.

இன்று காலை, நனைந்த குடையை வாசலில் சாத்திவிட்டு
ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார்.
செக்ரோலில் வெள்ளம்மா.
சேமலாப நிதி அட்டையில் வேலம்மா.
அடையாள அட்டையில் வெள்ளையம்மா,
பிறந்தது ஜனவரி முதலாம் திகதி,
பாதித் தோட்டமும் பிறந்த அதே நாளில்.
"மூணு பேரையும் கூட்டிக்கிட்டு வா, காசு தாரேன்னு
கந்தோர்ல சிரிக்கிறான் பிள்ள."

இரண்டாம் வருடத்தில் ஒரு பாடம் இருந்தது:
எழுதப்பட்டதை நம்பும் முன்
எழுதிய கையைப் பார்.
உடைந்த கல்வெட்டை வைத்துப் பரீட்சை எழுதினேன்.
இப்போது நகல்களைப் பரப்பினேன்.
எழுபத்தெட்டு வரை சாய்ந்த எழுத்து,
எல்லோரையும் பாதியில் வெட்டும் கை.
பிறகு பச்சை மை, புதுக் கிளாக்கர்;
அவருக்கு எந்தப் பெயரும் முருகன் பக்கமே சாயும்.
பதிவிலக்கம் 217 மட்டும் யாருக்கும் தவறவில்லை.

எண்பத்திரண்டு மார்ச்சிலிருந்து ஆறு வாரம்
217க்கு எதிரே வெறும் கோடு.
துள்ளிவிட்டேன். பிரசவ லீவு!
பிறப்புப் பத்திரம் இருந்தால் போதும்,
தாயின் பெயர், திகதி, எல்லாம் பொருந்திவிடும்.
"எங்கே அம்மா, அந்தப் பிள்ளை?"

"அதுக்குப் பேரு வைக்கல" என்றார்.

குடைத் தண்ணீர் படியிறங்கிக்கொண்டிருந்தது.

ஏழாவது அடிக்குறிப்பை அழித்தேன்.
கோடு நகலில் அப்படியே இருந்தது.

இலக்கத்தை வைத்தே எழுதி முடித்தேன்:
மேற்சொன்ன மூன்று பெயர்களும்
ஒரே ஆளையே குறிக்கும்.
சத்தியக் கடதாசிக்கு எதற்கு அடிக்குறிப்பு என்று
பக்கத்து அறை சமாதான நீதவான் முகம் சுளித்தார்.
இன்னும் ஆறு இருந்தன.
"இதெல்லாம் என்ன படிப்புல வரும்?" அம்மா கேட்டார்.
"வரலாறு."
"ராசா கதையா?"
"அதுவும்."

மைப்பெட்டியை நீட்டினேன். கைநாட்டு வேண்டாமாம்,
எழுதத் தெரியுமாம்.
பேனையை வாங்கி, நாக்கைக் கடித்து,
கொழுந்து கிள்ளிய விரல்களால் எழுத்து எழுத்தாக:
வெல்லயம்மா.

நான்காவது.

தாளைக் கிழித்தேன்.
மூன்று என்றிருந்ததைத் திருத்தி
மறுபடி அச்சுக்குக் கொடுத்தேன்.