எதிரில் ஒரு முதுகு

இரண்டாம் வகுப்பில் காத்திருப்போர் எழுபத்தொன்று.
முதல் வகுப்பில் ஒன்றே ஒன்று மிச்சம் என்றார்
கவுன்ட்டர்க்காரர்.
போனஸ் நோட்டுகளின் மடிப்புகூடக் கலையவில்லை அப்போது.

ஏசி உண்டா என்றேன்.
மலையே ஏசிதானம்மா.
டீ வருமா, கம்பளி தருவார்களா,
கழிப்பறை எந்தப் பக்கம்?
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே
ரயில் நிற்கிற பக்கம் என்றார்.

ஆகவே, முதல் வகுப்பில் போகிறவர்களே,
மெத்தை உண்டு. நீல நிறம்.
மூன்றாம் இருக்கையில் ஒரு ஸ்பிரிங்
வழிநெடுகத் தன் கருத்தைச் சொல்லிக்கொண்டே வரும்.
இஞ்சின் பின்னால் இருந்து தள்ளுகிறது,
அதனால் முன்னால் யாருமில்லை, மலை முழுக்க உங்களுக்கே
என்று உறுதி தந்தார் எதிர் இருக்கை எபனேசர்,
ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், மடியில் கால அட்டவணை.

யாருமில்லை என்பது பொய்.
கண்ணாடிக்கு அந்தப்புறம், திறந்த மேடையில்
பிரேக் சக்கரத்தைப் பிடித்தபடி ஓர் ஆள்.
அறுநூறு சொச்சத்துக்கு எனக்கு வாய்த்த காட்சி
அவருடைய முதுகு.

திருப்பூரில் ஒன்பது வருடமாகச் செக்கிங் டேபிள்.
நாளைக்கு எண்ணூறு முதுகு பார்ப்பேன்,
உள்ளே ஆளில்லாத முதுகுகள்.
இது பழுப்பு ஸ்வெட்டர். இடது தோளில் தையல் விட்டிருந்தது.
முழங்கையில் பச்சைக் கம்பளியால் ஒட்டு,
ஒட்டுக்கு மேல் இன்னொரு ஒட்டு.
அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவைக்க
விரல் துறுதுறுத்தது.
வயது ஐம்பது என்று கணக்குப் போட்டேன்.

கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் கவ்வியது.
அடியில் யாரோ எலும்பு கடிக்கிற சத்தம்.
பாக்குமரங்களின் உச்சி காலுக்குக் கீழே போயிற்று.
குகை வந்தபோதெல்லாம்
ராஜ்கோட் புதுமணத் தம்பதி கூவினார்கள்,
கூவத்தானே குடைந்தார்கள் என்பதுபோல.
புகை பின்பெட்டிக்காரர்களுக்கு.
நமக்கு அதன் வாசனை மட்டும்.

ஹில்குரோவுக்குச் சற்று முன்னால் முதுகு குனிந்தது.
சக்கரம் சுற்றியது. சிவப்புக் கொடி.
நின்றுவிட்டோம்.

எருமைக்கன்று அளவில் ஒரு கல்,
பல் தண்டவாளத்தின் மேல்
டிக்கெட் எடுத்ததுபோல் உட்கார்ந்திருந்தது.
பின்பெட்டிகளில் என்னாச்சு என்னாச்சு என்று தலைகள்.
முதல் வகுப்பு என்றால் இதுதான் போலிருக்கிறது,
கெட்ட சேதி முதலில் நமக்கு.
எபனேசர் அட்டவணையைப் புரட்டினார்.
கல் அதில் இல்லை.

ஆள் திரும்பினார்.
இருபத்தைந்துகூட இராது.
ஸ்வெட்டர் வேறு யாருடையதோ.
என் கணக்கு தப்பிய முதல் முதுகு.
ஜன்னல் வழியே கொடியை நீட்டினான்:
"அக்கா, இதைக் கொஞ்சம் புடிச்சுக்கங்க. ஆட்டிராதீங்க."
கடப்பாரையோடு இறங்கினான்.
பின்னாலிருந்து ஓடிவந்த இருவர்
போஜா, போஜா என்றதில் பெயர் கிடைத்தது.

பனியில் நனைந்த பருத்தித் துணி.
ஓரம் மடித்த தையல் பாதியில் நின்றிருந்தது.
ஆட்டாமல் பிடித்திருந்தேன்.
பின்னால் இருநூறு பேர், ஒரு கொதிக்கிற இஞ்சின்,
எல்லாம் நான் பிடித்திருப்பதால்தான் நிற்கின்றன
என்று பதினோரு நிமிடம் நம்பினேன்.
சிரிக்காதீர்கள்.
பிடித்துப் பார்த்தால் தெரியும்.

கல் உருண்டது.
அது போய்ச் சேர்ந்த சத்தம்
நெடுநேரம் கழித்துக் கீழிருந்து வந்தது.

கொடியைத் திருப்பித் தந்தபோது
நன்றி கேட்கவோ சொல்லவோ வரவில்லை எனக்கு.
"இடது தோள்ல தையல் விட்டிருக்கு" என்றேன்.
கழுத்தைத் திருகிப் பார்க்க முயன்று, முடியாமல்,
"முன்சீட்டுக்காரங்க எல்லாரும் சொல்லுவாங்கக்கா" என்று
மேடை ஏறினான்.
மறுபடியும் முதுகு.

ஹில்குரோவில் இஞ்சின் தண்ணீர் குடித்தது.
ராஜ்கோட்டின் பலகாரப் பொட்டலம் குரங்குக்குப் போயிற்று.
குன்னூரில் டீசல் வந்து சேர்ந்தது.

அருவங்காட்டில் தங்கச்சி
ஃபர்ஸ்ட் கிளாஸ் எப்படிடி என்றாள்.
மெத்தை இருந்தது என்றேன்.
பிறந்து பதினாறு நாளான பிள்ளையை வாங்கக் கை விரித்தபோதுதான்
பார்த்தோம் இருவரும்,
உள்ளங்கை முழுக்கச் சிவப்பு.
ஈரத்தில் சாயம் இறங்கியிருக்கிறது.

எங்கள் டேபிளில்
அந்தத் துணி தேறாது.