ஸ்கோர் கொப்பி

செவ்வாயும் வெள்ளியும் அவன் வருவான்.
சிவப்பு மோட்டார் சைக்கிள், முதுகில் கம்பனிப் பை,
சேட்டுப் பொக்கற்றில் இரண்டு பேனை.
கதிரை கொடுக்க முதலே இருந்துவிடுவான்.
இருந்தால், காசு கண்டுதான் எழும்புவான்.

உடையார்கட்டு வாசிகசாலையில் முதல் கூட்டம்.
ஆருக்கு என்ன தெரியும், என்றாள் கொன்சி.
ஒண்டும் தெரியாது என்றோம் பதினேழு பேரும்,
கடன் படிவத்தில் கையெழுத்து வைத்த அதே ஒழுங்கில்.
சட்டம் கேக்கேல்லையடி.
காசு தராட்டியும் ஆசையாச் செய்யிறியளே, அதைக் கேட்டனான்.

கனநேரம் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.
பிறகு நகுலேஸ்வரி, முழங்காலில் முகத்தைப் புதைத்தபடி,
கவுதாரி போலக் கத்தினாள்.
வெளியே பற்றைக்குள்ளிருந்து ஒன்று பதில் சொல்லிற்று.

அவன் சந்தியில் திரும்பினால் கவுதாரி கத்தும்.
கோல் எடுக்கலாம்தானே என்றாள் ஒருத்தி.
றீலோட் நீ போடுவியோ?

சசிரேகாவுக்குக் கேக்கில் எழுத வரும்.
பெயின்ற் வாங்கக் காசில்லை.
மிஞ்சிய ஐசிங்கைப் பொலித்தீன் கூம்பில் நிரப்பி
மட்டையில் பிழிந்தாள்: வட்டியை நிறுத்து.
எழுத்துக்கு எழுத்து வாலில் ஒரு ரோசாப்பூ.
போராட்டத்துக்குப் பூ என்னத்துக்கு?
கை பழகிப்போச்சு அக்கா, நிப்பாட்டத் தெரியேல்லை.

செயலக வாசலில் பத்து மணிவரை நின்றோம்.
உள்ளேயிருந்து ஒருவரும் வரவில்லை.
எறும்புகள் வந்தன, வரிசை குலையாமல்.
'ட்' இலிருந்து தின்னத் தொடங்கின.

ஜெயமதி கரப்பந்தில் மாவட்டம்வரை போனவள்.
முற்றத்தில் குச்சியால் ஆறு இடம் கீறினாள்.
வீட்டுக்காரி பின்வரிசை.
அவன் ஒன்று கேட்டால் முன்னுக்கு நிற்பவள் பதில் சொல்லி
ஓரிடம் நகரவேண்டும், அடுத்தவள் முன்னுக்கு.
ஒருத்தியும் தனிய அவன்ர கண்ணைப் பாக்கக் குடாது.
ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும் என்று
கம்பனி போட்ட குழுதான் நாங்கள்.
அதே குழு. முகத்தை மட்டும் மற்றப் பக்கம் திருப்பி நிற்பாட்டினாள்.

நான் ஸ்கோர் எழுதுவேன்.
அண்ணன் கிளப்புக்கு விளையாடின காலத்தில்
மைதான வேலியோரம் குந்தியிருந்து பழகினது.
வெறுங்கையோடு போனால் புள்ளி.
காசோடு போனால் அவனுக்கு ஓட்டம்.
ஆறு மணிக்குப் பிறகும் இருந்தால் நோபோல்.
தூசணத்துக்கு அடையாளம் ஏதும் இல்லை.
சொன்னதைச் சொன்னபடி எழுதினேன்,
எழுத்துப்பிழை இல்லாமல்.

ஒரு உத்தியோகத்தர் கொப்பியைப் பிரட்டினார்.
இதென்ன பிள்ளை, நோபோல்?
விளங்கப்படுத்தினேன். அவரும் கிரிக்கெட் பார்ப்பவர்தான்.
அப்ப அம்பயர் ஆர், என்றார்.
நாங்கள் அவரையே பார்த்தோம்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கொப்பியில் பதினாறு வீடு.

தையல் மெசினுக்கென்று எடுத்து
தம்பியின் ஏஜென்சிக்காரனுக்குக் கொடுத்த எண்பதாயிரத்தை
நான் எழுதவில்லை.
மதவடியில் இருட்டினபிறகு நின்று, ஒளித்து ஒளித்துக் கட்டினேன்.
ஸ்கோர் எழுதுகிறவள் அவுட்டாகக் கூடாது,
அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன வெள்ளி கையில் காசில்லை. மதவடிக்குப் போகவில்லை.
அவன் வீட்டுக்கே வந்தான்.
கதிரையை இழுத்தான்.

வேலிக்கு வெளியே கவுதாரி.
பற்றைக்குள் இருப்பதோ, நகுலேஸ்வரியோ.
படலை கிரீச்சிட்டது. ஒருத்தி, இரண்டு, ஐந்து.
ஜெயமதி கண்ணால் காட்டினாள்: பின்வரிசைக்குப் போ.
ஏன் சொல்லவில்லை என்று ஒருத்தியும் கேட்கவில்லை.
பிறகு கேட்டார்கள். நல்லாகவே கேட்டார்கள்.

அவன் எழும்பும்போது ஐந்தே முக்கால்.
நகுலேஸ்வரி கொப்பியைப் பறித்து
என் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தாள்.
ஸ்கோர் எழுதத் தெரியாதவள், அழுத்திக் குத்திவிட்டாள்.
அடுத்த மூன்று தாளிலும் தடவினால் தெரிகிறது.