மற்றும் பிறர்

ஜர்னலிலிருந்து மூன்றாம் முறை திரும்பி வந்திருக்கிறது.
தண்ணீரில் குற்றமில்லையாம்.
ஃபுளோரைடு அளந்த விதத்திலும் குற்றமில்லையாம்.
மேற்கோள் பட்டியலில்
ஆண்டு அடைப்புக்குள் வரவேண்டும்,
இதழின் பெயர் சாய்ந்து நிற்கவேண்டும்,
தொகுதி எண் தடிக்கவேண்டும்,
பக்க எண்களுக்கு நடுவே இந்தக் கோடு போதாது,
இதைவிடக் கொஞ்சம் நீளமான கோடு.

தர்மபுரி நாலு ரோட்டில், பேக்கரிக்கு மேலே என் அறை.
கீழே சேலம் பஸ்
கிருஷ்ணகிரி பஸ்ஸை ஹாரனால் திட்டுகிறது.
நாற்பத்தேழு மேற்கோள்கள்.
ஒவ்வொன்றிலும் கமாவை எடுத்து
அரைப்புள்ளி வைக்கிறேன்.
கேழ்வரகில் கல் பொறுக்குகிறவளுக்குக்கூட
கடைசியில் களி உண்டு.

குடும்பப் பெயர் முதலில் என்கிறது விதி.
என்னிடம் அப்படி ஒன்று கிடையாது.
இனிஷியலை விரித்து முன்னால் தள்ளினால்
தீர்த்தகிரி, கோ. என்று ஆகிறேன்.
தீர்த்தகிரி ஆறாம் வகுப்போடு நின்றவர்,
அரூர் புளி மண்டியில் மூட்டை தூக்குகிறவர்.
அவர் இதுவரை நிலத்தடி நீர் பற்றி
ஆங்கிலத்தில் நாலு கட்டுரை எழுதியிருக்கிறார்.
போனில் சொன்னேன்.
"காசு வருமா?" என்றார்.

ஆறு பேருக்கு மேல் எழுதியிருந்தால்
மூன்று பேரை நிறுத்திக்கொண்டு
மற்றும் பிறர் என்று முடிக்க வேண்டும்.
தூக்கம் வராமல் எண்ணினேன்:
என் பட்டியலில் மட்டும்
நூற்றுப் பதினாறு பேர் பிறர்.

இருபத்துமூன்றில் கை நின்றது.
பக்க எண் விட்டுப்போயிருந்தது.
அதற்காகத்தான், அதற்காக மட்டும்தான்,
மூலக் கட்டுரையைத் திறந்தேன்.

பென்னாகரம் பக்கத்துக் கிணறுகளில்
எண்பதுக்கு முன் ஃபுளோரைடு வரம்புக்குள் இருந்தது
என்று நான் எழுதி, இருபத்துமூன்றைக் காட்டியிருந்தேன்.
இருபத்துமூன்று அதைச் சொல்லவில்லை,
பதினெட்டு சொன்னதாகச் சொல்கிறது.
பதினெட்டு ஒன்பதைக் கைகாட்டுகிறது.
ஒன்பது, அச்சேறாத ஓர் அறிக்கையை.
அறிக்கையின் மங்கிய ஸ்கேன் இரவு ஒன்றரைக்குக் கிடைத்தது.
ஒரே கிணறு.
பெருமழைக்கு மறுநாள் மொண்ட ஒரே பாட்டில்.
ஓரத்தில் பென்சிலில் யாரோ:
மறுபடி அளக்கணும்.

மறுபடி யாரும் அளக்கவில்லை.
மேற்கோள் காட்டினார்கள்.
தேடிய வரைக்கும் பதினோரு பேர்.
நான் பன்னிரண்டாவது ஆள்.
கமா எல்லாம் சரியாகத்தான் வைத்திருந்தேன்.

விடிந்ததும் சென்றாயனைக் கூப்பிட்டேன்.
பாப்பாரப்பட்டிப் பக்கம் டேங்க் ஆபரேட்டர்,
இரண்டு வருஷம் எனக்குப் பாட்டில் நிரப்பிக் கொடுத்தவர்,
சிரித்தால் வாயை மூடிக்கொள்கிறவர்.
"அந்தக் கெணறா? எங்கப்பன் சின்னப் பையனா இருக்கறப்பவே
அந்தத் தண்ணி குடிச்சவன் பல்லெல்லாம் காவி.
அந்தத் தெருவுக்கே பொண்ணு குடுக்க யோசிப்பாங்க."
இதைக் கட்டுரையில் எழுதலாமா என்றேன்.
"எழுதேன், நெசந்தானே."
குடும்பப் பெயர் ஏதாவது உண்டா என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"ரேஷன் கார்டுல இருக்கறத போட்டுக்கோம்மா."

விதியைப் புரட்டினேன்.
தனிப்பட்ட உரையாடல் பட்டியலில் வரக்கூடாது.
வரிக்குள்ளேயே, பெயரும் தேதியும் போட்டு,
எழுத்தில் ஒப்புதல் வாங்கி.
ஞாயிற்றுக்கிழமை பென்னாகரம் பஸ் ஏறவேண்டும்,
ஒரு வெள்ளைத்தாளோடு.

இருபத்துமூன்றை எடுத்தேன்.
இருபத்துநாலு ஒரு படி கீழே இறங்கியது,
அதன் பின்னால் வரிசையாக எல்லாமும்.
உள்ளே நாற்பது இடத்தில் எண் மாற்றி நிமிர்ந்தபோது
பேக்கரியில் முதல் பன் வெந்த வாசனை.

பழைய வரி இருந்த இடத்தில்
வேறொரு வரி வைத்தேன்:
அப்போதைய நிலை நமக்குத் தெரியாது.
பின்னால் அடைப்புக்குறி இல்லாமல்
அந்த வாக்கியம் மொட்டையாக நிற்கிறது.
கேட்பார்கள், இதற்கு மேற்கோள் எங்கே என்று.

கேட்கட்டும்.
கோடுகளின் நீளத்தை மட்டும்
இன்னொரு தரம் பார்த்துவிடுகிறேன்.