கேள்வி முப்பத்தொன்று

பிப்ரவரி. அயோவாவில் சோளக்காடெல்லாம்
பனிக்கடியில் கட்டை கட்டையாய்.
காதில் கருவி, முன்னால் திரை,
மேசையில் என் வெள்ளி டப்பா, பாதி காலி.
நாளொன்றுக்கு இருபத்திரண்டு பேர்.
எல்லோரும் எழுபது தாண்டியவர்கள்,
எல்லோரும் எண்கள்.

4417 மட்டும் முதல் மணியிலேயே எடுப்பாள்.
வெர்லா ஹூக்ஸ்ட்ரா. பள்ளிச் சமையற்கட்டில்
முப்பது வருடம் உருளைக்கிழங்கு மசித்தவள்.
"பழைய பெண்தானே நீ? போன வருடமும் உனக்குச் சளி."

கேள்வி முப்பத்தொன்று:
கடந்த பன்னிரண்டு மாதங்களில்
சர்க்கரை சேர்க்காத, செயற்கை இனிப்பூட்டிய பானம்
சராசரியாக எத்தனை முறை?
எழுதியபடியே வாசிக்க வேண்டும்.
குரலில் ஏற்ற இறக்கம் கூடாது, அது விதி.

அவள் எண்ணைச் சொல்வதில்லை,
கதையைச் சொல்வாள்.

எண்பத்துநாலில் டாக்டர் சீட்டில் 'சர்க்கரை' என்று எழுதியது,
வீடு திரும்பும் வழியிலேயே
வண்டியை நிறுத்தி ஒரு பெட்டி வாங்கியது,
கெரிட் பன்றித் தீவனக் கணக்கிலிருந்து தலையைத் தூக்கி
"தண்டனையையும் டப்பாவில் விற்கிறார்களா" என்றது.
முதல் வாரம் நாக்கில் தகரம்.
இரண்டாம் வாரம் பழகிவிட்டது.
மூன்றாம் வருடம்
தங்கை கொண்டுவந்த பீச் பழத்தைக் கடித்து
"இது ஏன் இனிக்கவில்லை" என்று கேட்டாளாம்.
தங்கை இன்னும் மன்னிக்கவில்லை.

ஒரு ஜூலையில் தரையில் கொட்டிவிட்டது.
துடைக்கக் குனியாத முதுகு.
எறும்புகள் வந்தன.
குட்டையின் கரையில் நின்று மீசையை ஆட்டின,
சுற்றிக்கொண்டு போய்
அடுப்படியில் கிடந்த கேக் துணுக்கைத் தூக்கிக்கொண்டு
திரும்பியும் பாராமல் போயின.
"அதுகளுக்கு யார் ஆராய்ச்சி பண்ணிச் சொன்னார்கள்?"
சிரித்தாள். சிரிப்பு இருமலானது. காத்திருந்தேன்.
காத்திருந்ததைக் குறிக்கப் படிவத்தில் கட்டமில்லை.

"நாலு. ஒரு நாளைக்கு நாலு. போட்டுக்கொள்."
போட்டேன்.

புள்ளிகளைக் கோடாக்குகிறவர்கள் மாடியில் இருக்கிறார்கள்.
புதன்கிழமைக் கூட்டத்தில் சொல்வார்கள்:
தொடர்பு தெரிகிறது,
காரணம் என்று சொல்வதற்கில்லை.
உடம்பு கெட்டதால் இதற்கு மாறினார்களா,
மாறியதால் கெட்டதா.
எடையைக் கழித்து, சிகரெட்டைக் கழித்து, வயதைக் கழித்து,
மிச்சத்தில் ஒரு சின்ன மேடு.
மேடா, தூசியா?
ஒருவர்: சர்க்கரைத் தண்ணீருக்கு இது தேவலை.
இன்னொருவர்: தண்ணீருக்கு?
நான் குறிப்பெடுக்கிறேன், கையருகே டப்பா.
யாரும் அதைப் பார்ப்பதில்லை,
அவரவர் முன்னாலும் ஒன்று.

இந்த வருடம் ஆறாம் மணியில் ஓர் ஆண்குரல்.
மகன், டெல்வின்.
அம்மா நவம்பரில். இதயம். தூக்கத்தில்.
அதற்குத் தனிப் படிவம், பக்கம் ஒன்பது.
அனுதாப வாக்கியமும் அச்சடித்ததுதான்.
வாசித்தேன்.
விதியை மீறி எங்கோ ஓரிடத்தில் குரல் இறங்கியது.

அவன் வைத்துவிடவில்லை.
"அந்த டப்பாக் கேள்விக்கு அம்மா என்ன சொல்லியிருந்தாள்?"
சொல்லக் கூடாது.
"நாலு" என்றேன்.

வந்தது மூச்சா சிரிப்பா தெரியவில்லை.
"ஏழு. கராஜில் உப்பு மூட்டைக்குப் பின்னால்
தனியாக ஒரு பெட்டி இருந்தது.
அப்பா போன பிறகும் அங்கேயேதான் வைத்தாள்.
இனி யாருக்குப் பயம் என்று கேட்டால்
வருடா வருடம் ஒரு பெண் கூப்பிடுவாள் என்பாள்."

போன ஆண்டின் விடைகளைத் திரை
சாம்பல் நிறத்தில் காட்டும்.
சாம்பல் என்றால் பூட்டியது.
தெரிந்தும், அந்த நாலின் மேல்
இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்தேன்.

டப்பா வெதுவெதுத்துப் போயிருந்தது.
அதையும் குடித்தேன். இன்றைக்கு மூன்றாவது.
யாராவது கேட்டால்
இரண்டு என்பேன்.