இருபதுக்குக் கீழே

வேர்க்கிளம்பியில் இடவப்பாதி மழை
ரப்பர் மரங்களை முறிக்கத் தொடங்கினால்
கறண்டு எப்போது வருமென்று
ஈபி ஆபீசுக்கும் தெரியாது.

மாடியில் எட்டுப் பேனல்,
படிக்கட்டுக்கு அடியில் பேட்டரி.
சலாலாவில் இருக்கிற பிறைட்டின் போனில்
எங்கள் வீடு ஒரு எண்.
நான் தேங்காய் அரைத்தால் அது துள்ளும்.
அயர்ன் பாக்ஸ் போட்டால்
"யாருக்குளா கல்யாணம்?" என்று மெசேஜ் வரும்.

வெயில் நாளில், பிற்பகல் மூணு மணிக்கு,
அந்தப் படத்தில் ஒரு கோடு சரியும்.
யேசுவடியான் வீட்டு அயனிமரத்தின் நிழல்.
கொப்பையாவது வெட்டச் சொன்னோம்.
அவர் எல்லைக்கல்லைக் காட்டினார்.
பத்மநாபபுரம் கோர்ட்டில்
அந்த நிழலுக்கு இப்போது ஒரு நம்பர் உண்டு;
நாலு வாய்தா முடிந்திருக்கிறது.

அன்று பகல் முழுக்க இருட்டு.
ராத்திரி பதினொன்றுக்குக் கறண்டு போனபோது
அறுபத்திரண்டு.
ஃபேன் அரைச்சுற்று தயங்கி மறுபடி ஓடியது,
ஆன்சி புரண்டுகூடப் படுக்கவில்லை.
மதிலுக்கு அந்தப் பக்கம்தான்
ஏதோ கீச்சென்று கத்தியது.
பறவை என்று நினைத்தேன்.
பறவை இடையில் மூச்சு விடும்.
இது விடவில்லை.

தாசம்மா அக்காவின் ஆக்சிஜன் மெஷின்.

அவர் முற்றத்தில் நனைந்தபடி
போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார்:
"பாலத்துக்கிட்ட மரம் கிடக்குன்னா
சுத்தி வாரும் வோய்,
சிலிண்டரு ஒண்ணு போதும்."
என் பக்கம் திரும்பவில்லை.
துணி துவைக்கிற கல்லில் ஏறி
நான்தான் கேட்டேன்:
"மெஷின் எத்தனை வாட்டு?"
இரண்டு வருஷத்தில் அவரிடம் நான் பேசியது
அவ்வளவுதான்.
உள்ளே போய் டார்ச் அடித்து வாசித்துவிட்டு வந்தார்.
முந்நூற்றைம்பது.

கணக்குப் போட்டேன்.
அறுபத்திரண்டில் இருபது போக,
வீட்டில் வேறொன்றும் ஓடாவிட்டால்
ஆறு மணி நேரம்.
இருபதில் தானே நின்றுகொள்ளும்.
அதுதான் பேட்டரி ஆயுசுக்கு நல்லது என்று
மாட்ட வந்த பையன் சொன்னான்.
பிறைட் அதைப் பூட்டி வைத்திருந்தான்.

ஃப்ரிட்ஜை நிறுத்தினேன், உள்ளே இரண்டு கிலோ நெய்மீன்.
ஆன்சியின் ஃபேனை நிறுத்தினேன்.
இரண்டு எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கோர்த்து
இணைப்பில் பாலிதீன் சுற்றி
மதிலுக்கு மேல் எறிந்தேன்.
தாழ்ந்த அயனிக்கொப்பில் மாட்டித் தொங்கியது.
அவர் தோட்டியால் இழுத்து எடுத்தார்.

கீச்சு நின்றது.
அதன் பிறகுதான் மழையின் சத்தமே கேட்டது.

"முந்நூத்தம்பது எதுக்கு?"
"தாசம்மாக்கா மெஷின்" என்று அடித்தேன்.
நீலக் குறி விழுந்தது.
அவன் ஏதோ எழுதுவதாகக் காட்டியது,
நின்றது, மறுபடி காட்டியது.
ஒன்றும் வரவில்லை.

இரண்டு மணிக்கு நாற்பத்தொன்று.
நாலரைக்கு இருபத்தொன்று.
என் கணக்கு தப்பியிருந்தது;
ரவுட்டரைச் சேர்க்கவில்லை,
இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும் என்று
யாரும் சொல்லவில்லை.
படிக்கட்டுக்கு அடியில் குத்தவைத்து
திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபது.

பத்தொன்பது.

வெளிச்சத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன்.
எல்லை என்று போட்ட இடத்தில்
இருபது இல்லை. பத்து இருந்தது.
சலாலாவில் அப்போது
மணி மூணு தாண்டியிருக்கும்.

ஐந்தரைக்குக் கறண்டு வந்தது. பேட்டரி பதின்மூன்றில்.

காலையில் வயரை முழங்கையில் சுற்றியெடுத்து
யேசுவடியான் கேட்டில் நின்றார்.
"யூனிட்டு எவ்வளவாச்சு?"
"ரெண்டு சில்லறை."
அதற்கு என்ன விலையென்று எனக்குத் தெரியவில்லை.
பெட்டியின் மேல் ஐம்பது ரூபாய் வைத்துவிட்டுப் போனார்.
எடுத்துக்கொண்டேன்.
ஐஸ் விட்ட நெய்மீனை
முழுவதும் கறி வைக்க வேண்டியதாயிற்று.

அன்று வெயில் அடித்தது.
மூணு மணிக்குக் கோடு சரிந்தது.

அடுத்த வாய்தா பதினேழாம் தேதி.
போகணுமா என்று அவன் கேட்கவில்லை,
நானும் ஒன்றும் சொல்லவில்லை.
எல்லை இன்னும்
பத்தில்தான் கிடக்கிறது.