இரண்டு எழுத்து

எலிசேயோ சால்மன் பண்ணைக்குப் போய் ஒன்பது நாள்.
சிலோயே தீவில் மழை பெய்து பதினேழு நாள்.
படகுக் கொட்டகையில் அவன் மரப்பெட்டி:
இடுக்கி, வாள், உளி, காது உடைந்த சுத்தியல், கோடாலி
எல்லாம் ஒரே நிறம்,
அடிப்பிடித்த பூசணியின் நிறம்.
இரும்பு பிடித்த கை சும்மா இருக்காது என்பார்கள்.
என் கை இருக்கவில்லை.

போன வருட ஆப்பிள் காடி ஏழு லிட்டர்,
சாலட்டுக்கு ஆகாமல் மூக்கைப் பொத்தவைத்தது,
பிள்ளைகள் குளித்த பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டினேன்.
ஒரு பிடி உப்பு.
சமையல் கத்திகளுக்குத் தனி வைத்தியம்:
உருளைக்கிழங்கைப் பாதியாய் வெட்டி
பாத்திரச் சோப்பில் தொட்டுத் தேய்.
கிழங்கு கறுக்கும். நறுக்கிப் போடு. மறுபடி தேய்.
நான்கு கிழங்கு போயிற்று,
ராத்திரி சூப்பில் தண்ணீர் கூடியது.

காலையில் கோடாலியைத் தூக்கி
பழைய பல்துலக்கியால் தேய்த்தபோது
சேறு சேறாய்க் கழன்றது.
அடியில் ஒரு எழுத்து: என்.
என்னுடையது அல்ல.
பக்கத்தில் பி.

நோல்பெர்தோ பாரியா.
வேலிக்கு அந்தப்புறம்.
பதினோரு வருடமாக
எங்கள் கோழியைக்கூட ஏறிட்டுப் பார்க்காதவர்.

அன்று துருவித் துருவிக் கேட்டார்.
"ஞாயிற்றுக்கிழமையே திருப்பித் தந்தாயிற்று" என்றான் எலிசேயோ.
"என் கண்ணால் பார்த்தேன்" என்றேன் நான்,
பார்க்காத கண்ணை அகல விரித்து.
மாதாவின் மேல் ஆணையும் வைத்தேன்.

சோடா உப்பு கரைத்த நீரில் முக்கினால்
சீறி அடங்கும் காடி.
அவசரம் அதற்குப் பிறகுதான்.
வெறும் இரும்பு இந்த ஊர்க் காற்றில்
ஒரு மணி நேரம் தாங்காது.
துடைத்து, அடுப்போரம் காயவைத்து
உடனே எண்ணெய் பூசவேண்டும்.
பூசாமல் விட்டால்
மழையே பார்த்துக்கொள்ளும்
எழுத்தையும் என் ஆணையையும்.

எண்ணெய்ப் புட்டியைப் பிடித்தபடி நின்றேன்.
கெட்டில் கொதித்து வழிந்தது.
இன்னொரு தடவை நிரப்பி வைத்தேன்.
அதற்குள் அலகின் ஓரத்தில்
ஒரு மெல்லிய மஞ்சள்,
விரல் பட்டால் வந்துவிடுகிற மஞ்சள்.

துடைத்தேன். பூசினேன்.

மழையில் ஒரு பெண்
கோடாலியோடு வேலி தாண்டி வருவதைப் பார்த்து
அவர் நாய் குரைக்காமல் வீட்டுக்கு அடியில் போய்ப் படுத்தது.
கதவைத் திறந்தார் நோல்பெர்தோ.
எழுத்தைப் பார்க்கவே இல்லை.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
கட்டைவிரலை அலகின் குறுக்கே
மெதுவாக ஓட்டினார்.

"எவ்வளவு நேரம் ஊறவைத்தாய்?"

"ராத்திரி முழுக்க."

"அதிகம், எதெல்மிரா. பாதி ராத்திரி போதும்.
பார், விளிம்பைத் தின்றிருக்கிறது."

கூரைத் தண்ணீர் என் கழுத்துக்குள் இறங்கியது.
சொல்ல வந்த சொல்லை வாய் தேடிக்கொண்டிருக்க,

"உளி?" என்றார்.

உளி இன்னும் காடிக்குள் கிடந்தது.